சராசரி சமம், விளைச்சலும் சமமா?

இரண்டு பயிர் இரகங்களைப் பல ஊர்களில் விதைத்துப் பார்த்ததில், இரண்டுக்கும் சராசரி விளைச்சல் எக்டேருக்கு 2 டன். எதை விதைக்கலாம்? “இரண்டும் ஒன்றுதான்” என்பார்கள் மாணவர்கள். ஆனால் வறண்ட நிலத்தில் பயிரிடும் உழவருக்கு இந்த விடை இழப்பைத் தரக்கூடும்.

ஒரு நிலத்தில் முந்தும் இரகம் வேறொரு நிலத்தில் பின்தங்கலாம். இதை அளக்க எளிய வழி ஒன்றை ஃபின்லே, வில்கின்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1963இல் வெளியிட்டனர். தெற்கு ஆஸ்திரேலியாவில் மூன்று இடங்களில், பல பருவங்களில், 277 பார்லி இரகங்களை அவர்கள் ஆராய்ந்தனர். ஓர் இடத்தில் ஒரு பருவத்தில் எல்லா இரகங்களும் தந்த சராசரி விளைச்சலையே அந்தச் சூழலின் அளவுகோலாகக் கொண்டனர். அதற்கு எதிராக ஒவ்வோர் இரகத்தின் விளைச்சலையும் குறித்து, நேர்க்கோடு பொருத்தினர். அவர்கள் மடக்கை அளவைப் பயன்படுத்தினர். வகுப்பறைக்கு நேரடி எண்களே போதும்.

ஓர் எடுத்துக்காட்டு: மூன்று ஊர்களின் சராசரி 1, 2, 3 டன் எனக் கொள்வோம். ‘அ’ இரகம் 1.4, 2.0, 2.6 டன் தருகிறது. ‘ஆ’ இரகம் 0.5, 2.0, 3.5 டன் தருகிறது. வரைபடத்தில் ‘அ’வின் சாய்வு 0.6, ‘ஆ’வின் சாய்வு 1.5. சாய்வு 1-ஐவிடக் குறைந்தால், அந்த இரகம் சூழல் மாற்றத்தால் அதிகம் பாதிக்கப்படாது. 1-ஐவிடக் கூடினால், நல்ல நிலத்தில் வாரி வழங்கும். வறண்ட நிலத்தில் கைவிடும்.

இனி, சராசரி 1.5 டன் உள்ள நான்காவது ஊரை மாணவர்களே கணிக்கட்டும். ‘அ’ 1.7 டன், ‘ஆ’ 1.25 டன் என்று கிடைக்கும். வேறுபாடு எக்டேருக்கு 450 கிலோ!

இந்தக் கணிப்புக்கு எல்லையும் உண்டு. புதிய ஊரின் சராசரி முன்கூட்டியே தெரியாது. கடந்த ஆண்டுகளின் விளைச்சல், மழை, மண் ஆகியவற்றைக் கொண்டே அதை மதிப்பிட வேண்டும். மேலும், ஊரின் சராசரி குறைந்ததற்குக் காரணம் வறட்சியா, உவர்மண்ணா, நோயா என்பதை அந்த ஒற்றை எண் சொல்லாது.

பத்தாம் வகுப்பில் சாய்வு கற்பிக்கும்போது இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதலாம். தொடக்க வகுப்புகளில் இவற்றையே பட்டை வரைபடமாக வரையச் செய்து, “மழை குறைந்த ஊருக்கு எந்த விதை?” என்று கேட்கலாம். சராசரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வேறுபாட்டைக் குழந்தைகளே கண்டுபிடிப்பார்கள்.