கியர் விழவில்லையா? பெட்டியைக் கழற்றுமுன் பாருங்கள்

இடப்பெயர்வின்போது விட்டுச்சென்ற இரு சக்கர உழவு இயந்திரம் (லான்ட்மாஸ்டர்) மீண்டும் உங்கள் கைக்குக் கிடைத்திருக்கலாம். காலபோக மழைக்கு முன்னர் அதை வயலில் இறக்க வேண்டிய அவசரமும் இருக்கும். எஞ்சின் இயங்கியும் கியர் விழாவிட்டால், கியர்ப்பெட்டி பழுது என்று உடனே முடிவுசெய்து பணம் செலவழிக்காதீர்கள். நீண்டகாலம் நின்ற இயந்திரங்களில் கோளாறு பல வேளைகளில் கிளச்சிலோ இணைப்புக் கம்பிகளிலோ இருக்கும்.

கவனம்: இயந்திரம் பற்றைக்குள் அல்லது கண்ணிவெடி அகற்றப்படாத காணியில் நின்றால் அருகே செல்லாதீர்கள். தொடவும் வேண்டாம். கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

முதற் சோதனை

எஞ்சினை நிறுத்துங்கள். கிளச்சை விடுவித்து, கியர்த் தடியை மாற்றிப் பாருங்கள். விழாவிட்டால் சக்கரத்தைக் கையால் சற்று முன்னும் பின்னும் உருட்டி மீண்டும் முயலுங்கள். உள்ளே பற்கள் நேராக வந்ததும் கியர் விழும்.

• எஞ்சின் நிற்கும்போது விழுகிறது, ஓடும்போது கரகரவென்று சத்தமிடுகிறது: கிளச் முழுமையாக விடுபடவில்லை. கிளச் கம்பியின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். அப்போதும் விடுபடாவிட்டால் தட்டுகள் துருவால் ஒட்டியிருக்கலாம். கழற்றித் துப்புரவாக்க வேண்டும்.

• எஞ்சின் நிற்கும்போதும் விழவில்லை: கியர்த் தடியின் மூட்டுகளில் மண், துரு, வளைவு உண்டா என்று பாருங்கள். துப்புரவு செய்து எண்ணெய் விடுங்கள். தடியைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். உள்ளிருக்கும் கவை வளைந்தால் செலவு பன்மடங்காகும்.

• பின் கியர் மட்டும் விழவில்லை: சுழல் கலப்பையின் தடியைப் பாருங்கள். கலப்பை சுழலும்போது பின்னோக்கிச் செல்லாதபடி பல இயந்திரங்களில் பாதுகாப்புப் பூட்டு உண்டு. இது பழுதல்ல. பூட்டைக் கழற்றிவிடாதீர்கள்; அது உங்கள் கால்களைக் காப்பது.

• கியர் விழுகிறது, வண்டி நகரவில்லை: பெல்ற் தளர்ந்திருக்கலாம் அல்லது அதில் எண்ணெய் பட்டிருக்கலாம். எஞ்சினை நிறுத்திய பின்னரே பெல்ற்றைத் தொடுங்கள்.

• ஓடும்போது கியர் தானாகக் கழல்கிறது: உட்பாகங்கள் தேய்ந்துள்ளன. தடியைக் கயிற்றால் கட்டி ஓட்டாதீர்கள். இதற்கு மெக்கானிக் தேவை.

எண்ணெயைப் பாருங்கள்

இயந்திரம் ஒருநாள் அசையாமல் நின்றபின், கியர்ப்பெட்டியின் அடி போல்ற்றைச் சற்றுத் தளர்த்துங்கள். தண்ணீர் அடியில் தங்குவதால் முதலில் அதுவே வரும். தண்ணீர் வந்தாலோ எண்ணெய் பால்போல வெளுத்திருந்தாலோ முழுவதையும் மாற்றுங்கள்.

ஓட்டுமுன்

திருத்திய பின் பெட்டியைப் பூட்டாமல், சமதரையில் ஓட்டிப் பாருங்கள். பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். குளக்கட்டிலிருந்து இறங்குமுன்னரே குறைந்த கியரில் போடுங்கள். இறக்கத்தின் நடுவே கியர் மாற்றினால் சுமை வண்டியைத் தள்ளிவிடும். இறக்கத்தில் திருப்பும் கிளச்சைப் பிடித்தால் வண்டி எதிர்ப்பக்கம் திரும்பும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உதவி தேவைப்பட்டால் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள். மேலே கண்டறிந்ததை மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். தேவையற்ற வேலைக்குப் பணம் கொடுப்பதைத் தவிர்க்கலாம்.