பாவக்காய்ச் சாறு இனிப்புநீரைத் தீர்க்குமா? மருத்துவ நூலகத்தில் நாமே தேடிப் பார்க்கலாம்

"தினமும் பாவக்காய்ச் சாறு குடியுங்கள். இனிப்புநீர் ஓடிவிடும், மாத்திரையே வேண்டாம்." புலனத்தில் இப்படி ஒரு தகவல் வந்து சேராத குடும்பம் குறைவு. அதை நம்பி மருந்தை நிறுத்தினால் சர்க்கரை மெல்ல ஏறும். கண், சிறுநீரகம், கால் என்று பாதிப்பு வந்த பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது.

இது நமக்குச் சிறிய பிரச்சினை அல்ல. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது, அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர்.

வந்த தகவல் உண்மையா என்று பார்க்க ஓர் இடம் இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1836இல் இராணுவ மருத்துவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. இன்று உலகின் ஆகப் பெரிய மருத்துவ நூலகம் அதுதான். அதன் இணையச் சேவைகளைக் கைப்பேசியிலேயே இலவசமாகப் பயன்படுத்தலாம். உறுப்பினராக வேண்டியதில்லை.

பொதுமக்களுக்கானது ‘மெட்லைன்பிளஸ்’. நோய், மருந்து, இரத்தப் பரிசோதனை ஆகியவை பற்றி எளிய ஆங்கிலத்தில் விளக்குகிறது. விளம்பரம் கிடையாது. இனிப்புநீருக்குப் பலரும் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரையைத் தேடினால், உணவோடு சாப்பிட வேண்டும், உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது என்ற விவரங்கள் கிடைக்கும்.

ஆராய்ச்சிகளைத் தேட ‘பப்மெட்’ இருக்கிறது. இதில் 3 கோடியே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவக் கட்டுரைகளின் விவரங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றுக்குச் சுருக்கம் மட்டுமே இருக்கும். முழுக் கட்டுரைகளை இலவசமாகப் படிக்க ‘பப்மெட் சென்ட்ரல்’ உதவும்.

பாவக்காயையே எடுத்துக்கொள்வோம். பப்மெட்டில் அதன் ஆங்கிலப் பெயரான ‘பிட்டர் மெலன்’ என்பதோடு ‘டயபெட்டிஸ்’ என்ற சொல்லையும் சேர்த்துத் தேடினால் ஏராளமான கட்டுரைகள் வரும். அவற்றில் பல, எலிகளிடம் செய்த சோதனைகள். எலிக்குச் சர்க்கரை குறைந்தால் மனிதனுக்கும் குறையும் என்று சொல்லிவிட முடியாது. எனவே, ‘சிஸ்டமேட்டிக் ரிவியூ’ என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பல சோதனைகளைத் திரட்டி எடைபோட்ட கட்டுரைகள் மட்டும் வரும்.

அவற்றுள் ஒன்று நம் நாட்டுடையது. புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் அந்த ஆய்வு, காக்ரேன் அமைப்பின் வழி 2012இல் வெளிவந்தது. 479 பேர் பங்கேற்ற 4 சோதனைகளை அவர்கள் அலசினார்கள். எந்தச் சோதனையும் 3 மாதத்தைத் தாண்டவில்லை. இனிப்புநீருக்குப் பாவக்காயைப் பரிந்துரைக்கப் போதுமான சான்று இல்லை என்பதே அவர்களின் முடிவு.

அதற்காகப் பாவக்காய்ப் பிரட்டலைக் கைவிட வேண்டியதில்லை. அது உணவு, மாத்திரைக்கு மாற்று அல்ல. மாத்திரையோடு சேர்த்துத் தினமும் சாறு குடிப்பவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் கூடும். ஆகவே, சாறு குடிக்கும் பழக்கம் இருந்தால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள்.

எந்தக் கட்டுரையைப் படித்தாலும் மூன்று கேள்விகள் போதும். சோதனை மனிதரிடமா, விலங்கிடமா? எத்தனை பேர்? எவ்வளவு காலம்?

ஆங்கிலம் சிரமம் என்றால், சுகாதார அமைச்சின் ‘மைஹெல்த்’ அகப்பக்கத்தில் மலாய் மொழியிலும் விளக்கங்கள் உள்ளன. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், தாத்தா பாட்டிக்கு வரும் தகவலை அவர்களே தேடிப் பார்த்துத் தமிழில் சொல்லலாம்.

நூலகம் மருத்துவருக்கு ஈடாகாது. உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவு அதற்குத் தெரியாது. படித்ததில் சந்தேகம் எழுந்தால், அதைக் குறித்துக்கொண்டு அடுத்த முறை மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள். அதுவரை மாத்திரையை நிறுத்த வேண்டாம்.