நாணல் கொடுத்த வலு

பொங்கலன்று தாராசுரத்தில் வாசல்தோறும் செங்கரும்பு. அடிக்கரும்பைக் கடித்தால் தேனாய் இனிக்கும். தோகைப் பக்கம் போகப் போகச் சப்பென்றிருக்கும். ஏன் இப்படி?

கரும்பும் நெல்லைப் போல ஒரு புல்தான். இலை வெயிலில் சமைத்ததை நெல் மாவுச்சத்தாக்கி மணியில் சேர்க்கிறது. கரும்போ சர்க்கரையாகவே சாற்றில் கரைத்துத் தண்டில் வைத்துக்கொள்கிறது. கரியமில வாயுவைச் செறிவாக்கிப் பயன்படுத்தும் ஏற்பாடு அதன் இலையில் உண்டு. நெல்லுக்கு அது கிடையாது. அந்த ஏற்பாட்டால்தான் உச்சி வெயிலிலும் கரும்பு சளைக்காது. முதலில் முற்றுவது அடிப்பகுதி. சர்க்கரை அங்கேதான் நிறைகிறது. நுனியோ இன்னும் வளர்கிற பிள்ளை. வந்ததையெல்லாம் வளரவே செலவழித்துவிடும். ஆலைக்கரும்பை மண்ணை ஒட்டி வெட்டச் சொல்வது இதனால்தான். வெட்டியபின் தாமதித்தால் சர்க்கரை சிதைந்து குறையும். சீக்கிரம் ஆலைக்குப் போயாக வேண்டும். வயலில் நிற்கும் கட்டை மறுபடி துளிர்த்து மறுதாம்புப் பயிராகும்.

தடித்த, சாறு மிகுந்த கரும்பு நியூகினித் தீவில் மனிதர் வளர்த்தெடுத்த இனம். தமிழ்நாட்டில் அதற்கு நெடுங்காலப் பழக்கம்: அதியமானின் முன்னோர் கரும்பை இங்கே கொண்டுவந்தார்கள் என்று ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். ஆனால் இனிப்பு மிகுந்த அந்தக் கரும்புக்கு நோயையும் வறட்சியையும் தாங்கும் திராணி குறைவு. அந்தத் திராணி இருந்தது, இனிப்பே இல்லாத ஓர் உறவினரிடம். ஆற்றங்கரைகளில் தானாய் முளைத்து, வெள்ளத்தில் சாய்ந்து, வடிந்ததும் நிமிரும் நாணல்தான் அது.

1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. அங்கே கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும். ஒட்டுச் சேர்க்க அது தோதான இடம். நிலையத்தின் விஞ்ஞானிகளான பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற கரும்பைத் தாயாகவும் அந்தப் பக்கத்து நாணலைத் தகப்பனாகவும் வைத்துச் சேர்த்தார்கள். பிறந்த பிள்ளை கோ 205. 1918இல் வட இந்திய வயல்களுக்குப் போனது. கலப்பினத்தை மறுபடி மறுபடி இனிப்புக் கரும்போடு சேர்த்து, நாணலின் வலுவை விடாமல் சர்க்கரையைக் கூட்டினார்கள். இன்று தமிழ்நாட்டு ஆலைகளுக்குப் போகும் கோ 86032 இரகத்திலும் நாணலின் வழிவந்த மரபணுக்கள் இருக்கின்றன.

தாராசுரத்தை ஒட்டி அரசலாறு ஓடுகிறது. இப்படிப்பட்ட ஆற்றங்கரைகளில் காற்றுக்குத் தலையாட்டும் நாணலைப் புதர் என்று அழித்துவிடுவது சுலபம். நாளைக்குப் புதிதாய் ஒரு நோய் வந்தால், கரும்பு சீர் கேட்டுப் போக வேண்டிய பிறந்த வீடு அதுதான். அதைக் காப்பது கரும்பைக் காப்பது.