பல்லின் வேர்

கொங்கு நாட்டில் நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர், பின்னலாடைத் தொழிலாற் புகழ்பெற்ற நகரமாகும். அங்கே தைத்து முடித்த உருப்படிகளின் கணக்கிற்கேற்பக் கூலி பெறுவோர் பலர். அத்தகைய தையற்காரர் ஒருவர், இரவெல்லாம் பல்வலியால் துயிலாது கிடந்தாலும், விடிந்ததும் ஓவர்லாக் பொறியின்முன் அமர்ந்தே ஆகவேண்டும். ஒருநாள் வேலைக்குச் செல்லாவிடின் சனிக்கிழமை பெறும் கூலி குறையும். ஆதலின் அவர் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தோய்த்துப் பல்லில் வைக்கின்றார். மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குகின்றார். சில நாட்கள் கழிந்தபின் வலி தானே நின்றுவிடுகின்றது. பல் நலமுற்றது என்று அவர் மகிழ்கின்றார். உண்மையில், அந்நாளில்தான் அப்பல்லின் உயிர் போயிற்று.

இஃது எங்ஙனம் நிகழ்கின்றது? பல்லின்மேற் கவசம்போல் அமைந்திருப்பது எனாமல். நம் உடலில் அதனினும் கடினமான பொருள் பிறிதில்லை. அதன் அடியில் டென்டின் என்னும் பகுதி உளது. அதற்கும் உள்ளே ஒரு சிற்றறை. அவ்வறையில் நரம்பும் குருதி நாளங்களும் நிறைந்த மென்மையான பற்கூழ் இருக்கின்றது. இக்கூழ் வேர்களினுள் மயிரிழை போன்ற குழல்களின் வழியே இறங்கி, வேர்நுனியிலுள்ள சிறு துளையால் தாடையோடு தொடர்பு கொள்கின்றது. முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு வேரே உண்டு. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் இரண்டாயினும், குழல்கள் மூன்றாக இருத்தலே பெரும்பான்மை.

வேலைக்கிடையே பலமுறை அருந்தும் தேநீரிலுள்ள சர்க்கரையை, வாயில் வாழும் நுண்ணுயிர்கள் அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் எனாமலை அரித்துக் குழியாக்குகின்றது. குழி ஆழ்ந்து பற்கூழை எட்டியதும் கூழ் வீங்கத் தலைப்படுகின்றது. கை வீங்கினால் தோல் விரிந்து இடங்கொடுக்கும். பற்கூழோ நாற்புறமும் கற்சுவர் சூழ அடைபட்டது. வீங்க இடமின்மையால் அழுத்தம் மிகுந்து கொடிய வலி தோன்றுகின்றது. முடிவில் குருதியோட்டம் நின்று கூழ் மடிகின்றது. வலியை உணர்த்தும் நரம்பு மடிந்தமையின் வலி நின்றதேயன்றி நோய் நிற்கவில்லை. நுண்ணுயிர்கள் வேர்நுனியைக் கடந்து சென்று, தாடையெலும்பில் ஓசையின்றிச் சீழ்பிடிக்கச் செய்கின்றன.

இந்நிலையில் மாத்திரையால் மட்டும் நோய் தீராது. விழுங்கிய மருந்து குருதியின் வழியே பரவுவது. குருதி செல்லாத இறந்த கூழினுள் அஃது எவ்வாறு புகும்?

இதற்குரிய சிகிச்சையை மக்கள் 'ரூட் கெனால்' என்று வழங்குகின்றனர். பெயரைக் கேட்டே நடுங்குவாரும் உளர். வேரை அறுப்பதோ பெயர்ப்பதோ இச்சிகிச்சை அன்று. வேரினுள் இருக்கும் வாய்க்காலைத் தூர்வாருவதே ஆகும். ஏரியும் வாய்க்காலும் கண்ட நொய்யற்கரை மக்களுக்கு இதனை விளக்குதல் அரிதன்று.

மருத்துவர் முதலில் எக்ஸ்ரே படம் எடுத்து வேரின் வடிவை அறிகின்றார். ஊசி மருந்தால் அவ்விடத்தை மரத்துப்போகச் செய்கின்றார். பின்னர்ப் பல்லின் மேற்புறத்தைத் துளைத்து, மிக மெல்லிய அரங்களைக் குழலினுள் செலுத்திக் கெட்ட கூழை அகற்றுகின்றார். அவ்வரங்களுள் சிலவற்றின் நுனி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே இருக்கும். 1838ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவர் மேனார்டு என்பார், கடிகாரத்தின் சுருள்வில்லைத் தேய்த்து இத்தகைய கருவியை அமைத்தார் என்பர்.

அரம் எட்டாத மூலைகளைக் கழுவுதற்குச் சோடியம் ஹைப்போகுளோரைட்டு என்னும் நீர்மம் பயன்படுகின்றது. துணியை வெளுக்கும் மருந்தும் இதுவே. முதல் உலகப் போரிற் காயமுற்ற வீரர்களின் புண்களை, இதனையே நீர்க்கச் செய்து கழுவினர். அது தொண்டையில் இறங்காவண்ணம் பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர்த் தாளைப் பொருத்துதல் நன்முறையாகும். தூய்மை செய்த குழலைக் கட்டாபெர்ச்சா என்னும் பொருளால் அடைக்கின்றனர். அது மலேயாக் காடுகளில் வளரும் ஒருவகை மரத்தின் பால். கடலடியில் இட்ட தந்திக் கம்பிகளுக்கு ஒருகாலத்தில் உறையாக விளங்கியதும் அதுவே.

இப்பணி ஒரே அமர்வில் முடிதலும் உண்டு. இரண்டு மூன்று அமர்வுகள் வேண்டுதலும் உண்டு. அதன்பின் சில நாட்கள் மெல்லும்போது சிறிது நோதல் இயல்பே. ஆனால் வீக்கம் கழுத்து நோக்கிப் பரவினாலும், விழுங்கவோ வாய் திறக்கவோ மூச்சுவிடவோ இயலாது போனாலும், விடியும்வரை காத்திராது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். அவ்வீக்கம் உயிருக்கே இறுதியாவதுண்டு.

பல்லைப் பிடுங்கிவிட்டால் செலவும் நாளும் குறையுமே என்பார் கூற்று முற்றும் தவறன்று. வேர் பிளந்த பல்லையும், எலும்பின் பிடிப்பை இழந்து ஆடும் பல்லையும் பிடுங்கவே நேரும். ஆயினும் பிடுங்கிய இடம் வெற்றிடமாய் நின்றால், பக்கத்துப் பற்கள் அதன்பாற் சாயும். எதிர்ப்பல் நீண்டு இறங்கும். காக்கத்தக்க பல்லைக் காப்பதே சிக்கனம்.

கடைவாய்ப் பல்லாயின், குழலை அடைத்தலோடு சிகிச்சை முடிவதில்லை. துளையிட்டு உள்ளீடு குறைந்த பல் வலுவற்றது. அதன்மேல் உறை பொருத்தல் வேண்டும். உறையையும் சேர்த்துச் செலவு எவ்வளவு, எத்தனை நாட்கள் வரவேண்டும் என்பவற்றை முதல்நாளிலேயே கேட்டறிந்தால், கூலி பெறும் நாளுக்கேற்ப ஏற்பாடு செய்துகொள்ளலாம். தையற்காரரோ, வலி தீர்ந்தமையால், உறையை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று பொறியின்முன் அமர்ந்துவிடுகின்றார். மாதங்கள் பல செல்கின்றன. ஒருநாள் முறுக்கைக் கடிக்கையில் பல் வேர்வரை பிளக்கின்றது. அதன்பின் அப்பல்லைப் பிடுங்குவதன்றி மருத்துவர் செய்யத்தக்கது யாதுமில்லை.