காளைக்கும் வயதாகும்

இலங்கை மலைநாட்டின் பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டங்களில் லயத்துக்குப் பக்கத்திலேயே பட்டி கட்டி ஒன்றிரண்டு கறவை மாடு வளர்க்கும் குடும்பங்கள் உண்டு. கொழுந்துச் சம்பளம் போதாத மாதத்தில் பால் காசுதான் கைகொடுக்கிறது. மாடு சினைக்கு வருவது சுமார் 21 நாளுக்கு ஒருமுறை. அந்த முறை சினை நிற்காவிட்டால் மூன்று வாரத் தீனிச் செலவும் உழைப்பும் வீண். அப்போது பழி முழுவதும் பசுவின் மேல்தான் விழும். காளைக்கு என்ன வயது என்று கேட்பவர்கள் குறைவு.

காளை ஒரு வயதை எட்டும் முன்பே விந்து வரத் தொடங்கிவிடும். ஆனால் அந்தத் தொடக்கக் காலத்து விந்தில் முதிராத, உருக்குலைந்த அணுக்கள் அதிகம். மாதங்கள் போகப் போக அது சீராகும். பொதுவாக மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரைதான் காளையின் நல்ல காலம். பிறகு விரையின் நுண்குழாய்களில் நார்த்திசு படியத் தொடங்குகிறது. விரை உடலைவிடச் சில பாகை குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு நன்றாக உருவாகும். அந்தக் குளிர்ச்சியைக் காக்கும் திறனும் வயதோடு தளர்கிறது. நீந்தும் வேகம் குறைந்த அணுக்களும், மரபுப்பொருள் சிதைந்த அணுக்களும் கூடுகின்றன. எந்த வயதில் இந்த இறக்கம் தொடங்கும் என்பது காளைக்குக் காளை மாறும்.

இதில் ஏமாற்றக்கூடியது, வெளியே ஒன்றும் தெரியாது என்பதுதான். கிழக் காளை பசுவின் மேல் ஏறும், விந்தும் விடும். முழு மலடாக இருந்தால் சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம். பத்துப் பசுவில் நான்கைந்து மட்டும் சினை நிற்கும் காளையால்தான் நட்டம் அதிகம். சில காளைகளுக்கு விந்து நன்றாகவே இருக்கும், ஆனால் பின்னங்கால் மூட்டு வலியால் ஏற முடியாது. காய்ச்சல் வந்தாலும் விந்து கெடும். ஒரு விந்தணு உருவாகவே சுமார் 61 நாள் பிடிப்பதால், காளை குணமாகி இரண்டு மாதம் வரை அந்தப் பாதிப்பு தொடரலாம். இதை வயதின் குறை என்று தவறாக எண்ணி நல்ல காளையை விற்றுவிடக் கூடாது.

ஒரே காளை ஒரு தோட்டத்தில் நெடுங்காலம் நின்றால் இன்னொரு தீங்கும் உண்டு. அதற்குப் பிறந்த கிடாரிகளே அதனிடம் சினைக்கு வரும். பலவீனமான கன்றுகள் பிறக்க இது போதும். என் கணிப்பில், மலைநாட்டுச் சிறு பட்டிகளுக்குக் காளையின் முதுமையை விடப் பெரிய ஆபத்து இதுதான்.

சினை ஊசியின் நிலை வேறு. கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் செயற்கை முறைச் சினைப்படுத்தல் நிலையம் குண்டசாலையில் இருக்கிறது. இத்தகைய நிலையங்களில் விந்தை நுண்ணோக்கியில் பார்த்து, உறையவைத்து, மீண்டும் உருக்கி எத்தனை அணு நீந்துகிறது என்று சோதிப்பார்கள். தேறாததைக் கொட்டிவிடுவார்கள். கிழக் காளையின் கெட்ட சரக்கு பெரும்பாலும் அங்கேயே கழிந்துவிடும். தேறியது மைனஸ் 196 பாகைத் திரவ நைதரசனில் இருக்கும் வரை அதற்கு முதுமை இல்லை. ஆஸ்திரேலியாவில் 1968இல் உறையவைத்த செம்மறிக் கிடாவின் விந்தைச் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பயன்படுத்தினார்கள். ஆடுகள் சினையாகிக் குட்டியும் போட்டன. ஆகவே காளைக்கு இன்றைக்கு என்ன வயது என்பதைவிட, விந்து எடுத்த அன்றைக்கு என்ன வயது என்பதே முக்கியம்.

அப்படியானால் ஊசி போட்டும் சினை நிற்காதது ஏன்? பெரும்பாலும் நேரம் பிசகுவதால். மாடு காலையில் கத்தி, மற்ற மாடு ஏற அசையாமல் நின்றால் அன்று மாலையும், மாலையில் நின்றால் மறுநாள் காலையும் ஊசி போட வேண்டும். விடியற்காலையில் மலைக்குப் போனால் மத்தியானம்தான் திரும்புகிறவர்களுக்கு இந்த அறிகுறி கண்ணில் படாமலே போய்விடும். வீட்டில் இருக்கும் பெரியவர் யாராவது காலையும் மாலையும் சிறிது நேரம் பட்டியைக் கவனித்து, தேதியைக் கலண்டரில் குறித்து வைத்தால் போதும். மூன்று முறை ஊசி போட்டும் பிடிக்கவில்லை என்றால் அந்தக் குறிப்போடு மிருக வைத்தியரிடம் பசுவைக் காட்டுங்கள். காளைக்கு விடுபவர்களோ, அதே காளையிடம் போன மற்றப் பசுக்கள் சினை நின்றனவா என்று அயல் லயங்களில் முதலில் விசாரியுங்கள்.