பழைய செயின் சா வாங்கப் போகிறீர்களா? பிரேக்கையும் பில்லையும் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்

சேலம், நாமக்கல் சமவெளியில் விறகுக்குப் பஞ்சமில்லை. ஏரியிலும் தரிசிலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. காய்ப்பு நின்ற தென்னை, காற்றுக்குச் சாய்ந்த வேம்பு, வேலியோரத்து வெள்வேல் என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஏதாவது ஒன்று அறுக்க ஆளில்லாமல் கிடக்கிறது. பஞ்சமெல்லாம் ஆளுக்குத்தான். கோடாலி பிடிக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மிஷினோடு வருகிறவர் இரண்டு நாள் வேலையாக இருந்தால்தான் வருவார். அதனால், "ஒரு பழைய மிஷின் கிடைத்தால் நாமே அறுத்துக்கொள்ளலாமே" என்ற எண்ணம் ஆத்தூரிலிருந்து பரமத்தி வேலூர் வரை பலருக்கும் வருகிறது.

எண்ணத்தில் தவறில்லை. நல்ல கம்பெனி மிஷினை ஒழுங்காக வைத்திருந்தால் பத்து வருடம் கழித்தும் ஓடும். பழையது என்பது ஒரு குறையே அல்ல. கையையும் முகத்தையும் காக்கும் பாகங்கள் கழன்றுபோயிருப்பதும், யாருடைய மிஷின் என்று சொல்லக் காகிதம் இல்லாததும்தான் குறை. இந்த இரண்டும் இருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் அது நஷ்டம்தான்.

எந்த அளவு போதும்?

வீட்டு அடுப்புக்கும், மஞ்சள் வேகவைக்கவும், கல்யாணம் காட்சிக்கும் விறகு அறுக்க 35 முதல் 50 சிசி வரையுள்ள இன்ஜினும், 14 முதல் 18 அங்குல பாரும் (செயின் சுற்றி ஓடும் தகடு) போதும். சீமைக்கருவேலக் கிளைக்கும் தென்னைக்கும் இதற்கு மேல் தேவையில்லை. பெரிய புளியமரத்தின் அடிமரத்தை அறுக்க வேண்டுமானால், அந்த ஒரு நாளைக்குப் பெரிய மிஷின்காரரைக் கூப்பிடுவது லாபம்.

"பெரிய மிஷின், சின்ன மிஷின் விலைக்கே வருகிறது" என்று 100 சிசிக்கு மேற்பட்ட பழைய மாடல்களைக் காட்டுவார்கள். மரக்காடுகளில் பெருமரம் சாய்க்கச் செய்தவை அவை. எடை அதிகம், அதிர்வு அதிகம். செயின் பிரேக் வருவதற்கு முந்தைய காலத்தில் வடிவமைத்தவையும் அவற்றில் உண்டு. விறகுக்கு அது வேண்டாம்.

கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த மாடலுக்கு ஸ்பேர் இங்கே கிடைக்குமா?" ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற கம்பெனிகளுக்கு டீலர்கள் இருக்கிறார்கள். பெயரே தெரியாத மலிவு மிஷின் பழுதானால், அதற்குப் பொருந்தும் கார்புரேட்டர் தேடியே ஒரு பருவம் போய்விடும். பெயர் பெற்ற கம்பெனிகளின் போலிகளும் சந்தையில் உண்டு. ஸ்டில் மிஷின் என்றால் இன்ஜின் உடம்பிலேயே ஒன்பது இலக்க சீரியல் எண் பொறித்திருக்கும். எண் இல்லை, அல்லது அரம் போட்டுத் தேய்த்திருக்கிறது என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும் முறை

சந்தையில் மாடு பிடிக்கிறவர் பல்லைப் பார்க்காமல் அச்சாரம் கொடுப்பதில்லை. மிஷினுக்கும் பல் பார்க்கும் முறை இருக்கிறது.

"நான் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள்" என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் சைலன்ஸரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் சுலபமாக ஸ்டார்ட் ஆகாத மிஷினாக இருக்கலாம். ஆறும்வரை காத்திருங்கள்.

அடுத்தது கம்ப்ரஷன். சுவிட்சை அணைத்து, பாருக்கு உறை போட்டு, ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து மிஷினை மெல்லத் தூக்குங்கள். இன்ஜின் நன்றாக இருந்தால் கயிறு விட்டு விட்டு, திணறித் திணறித்தான் இறங்கும். சரசரவென்று இறங்கினால் பிஸ்டனோ ரிங்கோ தேய்ந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் சைலன்ஸரைக் கழற்றச் சொல்லுங்கள். அது இருந்த இடத்துத் துளை வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டன் பக்கவாட்டு தெரியும். வழவழப்பாக இருந்தால் சரி. மேலும் கீழுமாகக் கோடு கோடாகக் கீறியிருந்தால், ஆயில் போதாமல் ஓடிய இன்ஜின் அது. புது பிஸ்டன், சிலிண்டர் செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இன்னொரு கேள்வியிலும் பாதி கதை தெரிந்துவிடும்: "பெட்ரோலுக்கு எவ்வளவு ஆயில் கலப்பீர்கள்?" இது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். ஆயிலைப் பெட்ரோலோடு கலந்துதான் ஊற்ற வேண்டும். கம்பெனி ஆயில் என்றால் பல மாடல்களுக்கு 1:50, அதாவது ஒரு லிட்டருக்கு 20 மில்லி. சாதாரண 2டி ஆயில் என்றால் 1:25, அதாவது 40 மில்லி. "எல்லாம் கண் அளவுதான்" என்று பதில் வந்தால் பிஸ்டனைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஸ்டார்ட் ஆனதும் கைவிசையை விட்டுவிடுங்கள். இன்ஜின் மெதுவாக ஓடும்போது செயின் சுற்றக்கூடாது. சுற்றினால் ஐடில் செட்டிங்கோ கிளட்சோ சரியில்லை. பார் முனையைக் காய்ந்த பலகைக்கு அருகே காட்டி விசையை அழுத்துங்கள். பலகையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் செயினுக்கு ஆயில் போகவில்லை. பிறகு கட்டை அறுத்துப் பாருங்கள். சூடான பின் அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் மிஷின், காட்டு நடுவில் உங்களை நிறுத்திவிடும்.

கடைசியாகத் தேய்மானம். செயின் பல் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் செயினை மாற்ற வேண்டும். ஸ்புராக்கெட்டில் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குழி விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பார் விளிம்பு ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அறுப்பு கோணும். இவற்றின் கடை விலையைக் கூட்டி, கேட்ட விலையிலிருந்து கழியுங்கள். மிச்சம்தான் நீங்கள் பேச வேண்டிய விலை.

பேரம் பேசக்கூடாத பாகங்கள்

பார் முனையின் மேல் கால்பகுதி கட்டையில் பட்டால், கண் இமைப்பதற்குள் பார் மேலெழும்பி ஓட்டுபவரின் முகம், கழுத்து, தோள் நோக்கித் திரும்பும். இதைத்தான் கிக்பேக் என்பார்கள். செயின் அப்போது வினாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கையால் தடுத்துவிடலாம் என்பது வீண் நம்பிக்கை.

அதற்காகத்தான் முன்கைப்பிடிக்கு முன்னால் செயின் பிரேக் இருக்கிறது. 1970-களிலிருந்தே பெரிய கம்பெனிகள் இதை வைத்து வருகின்றன. பழைய மிஷின்களில் இது உடைந்துபோய், "இடைஞ்சலாக இருந்தது, கழற்றிவிட்டோம்" என்ற விளக்கத்தோடு வரும். செயினை ஓடவிட்டு, இரண்டு கையாலும் கைப்பிடியை விடாமல், இடது மணிக்கட்டால் பிரேக்கை முன்னால் தள்ளிப் பாருங்கள். செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும்.

பின்கைப்பிடியின் மேலுள்ள லாக்கை அழுத்தாமல் ஆக்ஸிலரேட்டர் வேலை செய்யக்கூடாது. அறுந்த செயினைப் பிடித்து நிறுத்தும் கேட்ச்சர் இருக்க வேண்டும். அதிர்வைத் தாங்கும் ரப்பர்கள் கிழிந்திருக்கக்கூடாது. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும், அது பொருத்தப்படும் வரை காசு கொடுக்காதீர்கள்.

உடையும் ஒரு பாதுகாப்புக் கருவிதான். லுங்கியும், தோளில் தொங்கும் துண்டும் செயினில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். பேன்ட், மூடிய காலணி, கண்ணாடி, காது மூடி வேண்டும். 100 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் காது மூடாமல் இருக்கக்கூடாது என்பது தொழில் சுகாதார வல்லுநர்களின் கணக்கு. செயின் சா சத்தம் அதையும் தாண்டும்.

இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. பழைய மிஷினின் ரப்பர் குழாய்களும் கார்புரேட்டர் சவ்வும் அதற்காகச் செய்தவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆகவே அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்துகொள்ளுங்கள். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீர்ந்து நிற்கும்வரை ஓடவிட்டு எடுத்து வையுங்கள்.

யாரிடம் வாங்குகிறீர்கள்?

கடைக்காரரிடம் வாங்கினால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். பில் தர மறுப்பதே அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. காலம் எதுவும் எழுதாவிட்டால் 30 நாள் என்று சட்டம் சொல்கிறது. பில்லில் மாடல், சீரியல் எண், "பழையது", என்னென்ன பழுது, எத்தனை நாள் பொறுப்பு என்பதெல்லாம் இருக்கட்டும். முன்பே சொல்லி எழுதிய பழுதுக்கு நீங்கள் பிறகு வழக்குப் போட முடியாது. மறைத்த பழுதுக்குப் போடலாம்.

"கூலிக்கு அறுக்கத்தான் வாங்கினேன், நானெல்லாம் நுகர்வோரா?" என்று தயங்க வேண்டாம். சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் தானே பயன்படுத்த வாங்கியவரையும் சட்டம் நுகர்வோர் என்றே ஏற்கிறது.

முதலில் கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் தீராவிட்டால் சேலம் அல்லது நாமக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். மிஷினை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகார்க் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

பக்கத்துத் தோட்டக்காரரிடமோ, ஆன்லைன் விளம்பரம் பார்த்தோ ஒரு தனிநபரிடம் வாங்கினால் நுகர்வோர் ஆணையம் பொதுவாகக் கைகொடுக்காது. அங்கே 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும், ஏமாற்றினால் ஒப்பந்தச் சட்டமும்தான் வழி. விற்பவருக்கு அந்தப் பொருள் சொந்தமாக இருக்க வேண்டும் என்பது சட்டம் தானாகவே சேர்க்கும் நிபந்தனை. பிறகு அது திருட்டு மிஷின் என்று தெரிந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் விற்றவர் யார் என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்?

அதனால் ஒரு வெள்ளைத்தாளாவது வேண்டும். விற்பவர் பெயர், முகவரி, போன், சீரியல் எண், தொகை, தேதி, "இது என் சொந்த மிஷின்" என்ற ஒரு வரி, இருவர் கையெழுத்து, ஒரு சாட்சி. பணத்தை யுபிஐ அல்லது வங்கி மூலம் கொடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் நேர்மையில்லாமலோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவுப்படி மூன்று வருடம் வரை சிறை. தேய்த்த எண்ணும் நம்ப முடியாத விலையும் அந்தக் காரணமாகிவிடும்.

இலவசச் சட்ட ஆலோசனைக்கு 15100. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் நேரில் கேட்கலாம்.

மரம் உங்களுடையதா?

மிஷின் உங்களுடையது என்பதால் மரமும் உங்களுடையது ஆகாது. ஏரி, ஓடை, சாலையோரம், புறம்போக்கு மரங்கள் அரசுடையவை. வெட்டச் சொல்லி எல்லோரும் பேசும் சீமைக்கருவேலமாக இருந்தாலும், ஏரிக்குள் இருந்தால் அந்த ஏரிக்கு உரிய துறையின் அனுமதியோ ஏலமோ வேண்டும். பட்டா நிலத்தில் நின்றாலும் சந்தன மரத்தை வனத்துறை இல்லாமல் தொடக்கூடாது. சேர்வராயன், போதமலை, கொல்லிமலை அடிவாரங்களில் காப்புக்காட்டு எல்லையைத் தெரிந்துகொண்டு வேலை செய்யுங்கள். வனக்குற்றமானால் மரத்தோடு மிஷினும் பறிமுதலாகும். மலைமேல் மர விதிகள் வேறு. அங்கே போகுமுன் வனத்துறையில் கேளுங்கள்.

கிளை மின்கம்பியை ஒட்டியிருந்தால் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி, மின்சாரத்தை நிறுத்தியபின் அறுங்கள்.

காயம் பட்டால்

தனியாக அறுக்கப் போகாதீர்கள். கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்து, எடுக்காமல், அழுத்திப் பிடியுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். விரல் துண்டானால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து உடன் எடுத்துச் செல்லுங்கள். ஐஸ் நேராக விரலில் படக்கூடாது. மருத்துவமனையில் டெட்டனஸ் ஊசியைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயதுவரை உள்ள எவரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடம் 20 ரூபாய்க்குச் சேரலாம். விபத்தில் இறந்தால் 2 லட்சம், ஒரு கையோ காலோ கண்ணோ நிரந்தரமாகப் போனால் 1 லட்சம் ரூபாய். மிஷின் ஓட்டுகிற ஒவ்வொருவரும் இன்றைக்கே வங்கியில் கையெழுத்துப் போடுங்கள். மரம் வெட்ட ஆள் கூப்பிடுகிறவர்கள், வருகிறவருக்கு இது இருக்கிறதா என்று கேளுங்கள்.

பேரத்தில் ஆயிரம் ரூபாய் குறைத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். செயின் பிரேக் பிடிக்கிறதா, கையில் பில்லோ கையெழுத்திட்ட தாளோ இருக்கிறதா என்ற இரண்டு கேள்விக்கும் "ஆம்" என்று பதில் வந்தால் மட்டும் பணத்தை எடுங்கள். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் வண்டியைத் திருப்புங்கள். வேறு மிஷின் கிடைக்கும்.