சாணைச் சக்கரத்தின் அதிர்வும் அதனை அடக்கும் முறைகளும்

யந்திர உறுப்புக்கள் பலவற்றின் இறுதி அளவும் வழவழப்பும் சாணைச் சக்கரத்தினாலேயே அமைகின்றன. சுழல்தண்டுகள், பேரிங் வளையங்கள், தகட்டாலை உருளைகள் முதலியன பல கட்டங்களைக் கடந்து பெரும்பாலும் கடைசியாகவே சாணைக்கு வருகின்றன. ஆகவே அங்கு நேரும் பழுது, அதுவரை செலவான உலோகத்தையும் உழைப்பையும் வீணாக்கிவிடக் கூடும்.

இப்பழுதுகளுள் முக்கியமானது அதிர்வு. சக்கரமும் பொருளும் ஒன்றையொன்று நெருங்கியும் விலகியும் நடுங்குவதால், பொருளின்மீது ஒழுங்கான அலைவரிகள் பதிகின்றன. அவற்றின் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறைவாயிருப்பினும், அவ்வளையத்தைக் கொண்ட பேரிங் சுழலும்போது இரையும். உருளையிலுள்ள வரிகளோ அது அழுத்தும் தகட்டிலும் பதிந்துவிடும்.

இருவகை அதிர்வுகள்

அதிர்வு இருவகைப்படும். முதலாவது, புறத்தூண்டலால் எழுவது. சமநிலை குன்றிய சக்கரம், பழுதுற்ற பெல்ட், மோட்டாரின் ஆட்டம், அருகிலுள்ள கனமான யந்திரம் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். ஊஞ்சலை ஒருவர் விடாது தள்ளுவதை இதற்கு ஒப்பிடலாம். தள்ளுவதை நிறுத்தினால் ஆட்டம் ஓயும்.

இரண்டாவது, தானாகவே வளர்வது. வெளியிலிருந்து தள்ளுவார் எவருமின்றியே, தேய்க்கும் செயலிலிருந்து இது தன் சக்தியைப் பெறுகிறது. கரும்பலகையில் சுண்ணக்கட்டி கிறீச்சிடுவதும் தானே எழும் அதிர்வுதான். சாணையில் இது வளரும் விதத்தை அறிய மண்சாலையை நோக்குக. ஒரு வண்டி துள்ளிய இடத்தில் சிறு பள்ளம் விழுகிறது. அடுத்த வண்டி அப்பள்ளத்தால் துள்ளி அதனை ஆழமாக்குகிறது. நாளடைவில் சாலை முழுவதும் வரிவரியாகிறது. அவ்வாறே, ஒரு சுற்றில் பதிந்த அலை அடுத்த சுற்றில் சக்கரத்தை அசைத்து, மேலும் பெரிய அலையைத் தோற்றுவிக்கிறது. அலை பொருளின்மீது வளர்ந்தால் விரைவில் வெளிப்படும். சக்கரத்தின் விளிம்பில் வளர்ந்தால், சக்கரம் மெல்லத் தேய்வதால், சிறிது நேரம் கழித்தே வெளிப்படும்.

உலோகங்களை வெட்டும் கலையைப் பற்றி 1907-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுரையிலேயே, அமெரிக்கரான எப். டபிள்யூ. டெய்லர் இவ்வதிர்வு விளங்குதற்கரிய பிரச்னை எனக் குறித்தார். முன்சுற்றின் அலை பின்சுற்றைத் தூண்டும் இந்நிகழ்ச்சியை, 1950-களிலும் 1960-களிலும் பிரிட்டனில் டோபியாஸும் செக்கோஸ்லோவாக்கியாவில் ட்லூஸ்டியும் கணித முறையில் விளக்கினர்.

கண்டறியும் முறை

பரிகாரம் தேடுமுன் வகையை அறிதல் அவசியம். முதலில், சக்கரம் பொருளைத் தொடாது சுழலும்போது அதிர்வு இருக்கிறதா எனக் கவனிக்கவும். இருந்தால் புறத்தூண்டல் என்று ஐயுறலாம். தொட்ட பின்னரே எழுந்தால், தானே வளரும் அதிர்வாக இருக்கலாம்.

அடுத்து வரிகளின் இடைவெளியை அளக்கவும். சுமார் 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டின் சுற்றளவு ஏறக்குறைய 250 மில்லிமீட்டர். அது நிமிஷத்துக்கு 60 முறை சுழன்றால், விநாடிக்கு 250 மில்லிமீட்டர் பரப்பு சக்கரத்தைக் கடக்கும். வரிகளிடையே 10 மில்லிமீட்டர் இருப்பின், அதிர்வு விநாடிக்கு 25. சக்கரம் நிமிஷத்துக்கு 1500 முறை சுழல்வதாயின் அதுவும் விநாடிக்கு 25 சுற்றே. ஆகவே குற்றம் சக்கரத்தின் சமநிலையில் உள்ளதெனக் கருதலாம். இடைவெளி 1.25 மில்லிமீட்டராயின் அதிர்வு விநாடிக்கு 200. இது சக்கரம், மோட்டார், பெல்ட் எதனுடைய சுழற்சியோடும் பொருந்தாமல், யந்திரத்தின் இயற்கை அதிர்வெண்ணுக்கு அருகில் இருந்தால், தானே வளரும் அதிர்வெனக் கொள்ளலாம். இக்கணக்கைப் பள்ளி மாணவரும் செய்து பார்க்கலாம்.

பரிகாரங்கள்

புறத்தூண்டலை அதன் பிறப்பிடத்திலேயே நீக்க வேண்டும். சக்கரத்தை அதன் பிடிவளையத்துடன் மட்டமான தாங்கியில் உருளவிட்டால் கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். எந்நிலையில் விட்டாலும் அசையாது நிற்கும்வரை எடைத் துண்டுகளை நகர்த்தவும். வேலை முடிந்ததும், திரவத்தை முதலில் நிறுத்தி, சக்கரத்தைச் சிறிது நேரம் வெறுமனே சுழலவிடவும். இன்றேல் உறிஞ்சப்பட்ட திரவம் அடியில் தேங்கிச் சமநிலையைக் குலைக்கும்.

தானே வளரும் அதிர்வுக்குச் சமநிலைப்படுத்துதல் மட்டும் பயன் தராது. சக்கரத்தை வைரமுனைக் கருவியால் சீர்செய்தால் விளிம்பின் அலைகள் நீங்கும். காரணம் நீங்காவிடில் அவை மீண்டும் வளரும். எனவே நீண்ட தண்டுக்கு இடையில் தாங்கு கொடுத்தல், மையத் துளைகளைச் சுத்தம் செய்தல், தேய்ப்பின் ஆழத்தைக் குறைத்தல், மென்மையான தரச் சக்கரத்தைப் பயன்படுத்தல், சுழல்வேகத்தை மாற்றுதல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க வேண்டும். ஒரே சமயத்தில் பலவற்றை மாற்றினால் எது பயன் தந்தது என்பது தெரியாமற் போகும். எக்காரணம் கொண்டும் சக்கரத்தில் குறித்துள்ள உச்சவேகத்தை மீறலாகாது. சக்கரம் வெடித்து உயிருக்கே ஆபத்து நேரிடலாம்.

அதிர்வு கண்டவுடன் திருகுகளை முடுக்குவதிலும் கல்லை மாற்றுவதிலும் முனையாமல், வரிகளை அளந்து கணக்கிடும் பழக்கத்தைத் தொழிலாளரிடையே வளர்ப்பது களப்பணியாளர், ஆசிரியர் ஆகியோரின் கடமையாகும். இதற்குத் தேவையானவை ஓர் அளவுகோலும் சுழற்சியை அறியும் கருவியும் மட்டுமே.